காரைக்காலில் ஓர் இரவு: அன்றும் இன்றும்

காரைக்காலுக்கு முதல் தடவை வருகிறவர், "இங்கே தங்குறதுக்கு நல்ல இடம் எது?" என்று ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டால் பதிலுக்கு ஒரு கேள்விதான் வரும். "யாரைப் பார்க்க வந்தீங்க?"

வம்பு விசாரிக்கிற கேள்வி அல்ல அது. ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் படுக்கையை முடிவு செய்தது. காரைக்கால் அம்மையாரைத் தரிசிக்க வந்தவருக்குக் கோயிலைச் சுற்றிய தெருவில் ஒரு திண்ணை இருந்தது. மஸ்தான் சாகிபு தர்காவின் கந்தூரிக்கு வந்தவருக்கு உறவுக்காரர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்தார்கள். நெல்லோ புகையிலையோ வாங்க வந்த வியாபாரி, கொள்முதல் செய்கிற கிட்டங்கியிலேயே மூட்டைகளுக்கு நடுவே தலைசாய்த்தார். பெண் பார்க்க வந்தவர்களுக்குத் தரகர் வீடு. வழக்குக்காக வந்தவருக்கு வக்கீல் குமாஸ்தாவின் வீட்டு வாசல். தங்குமிடத்தை யாரும் தேர்ந்தெடுத்ததில்லை. வந்த காரியமே இடத்தைக் காட்டிவிடும்.

இன்று கைப்பேசியில் ஊர்ப் பெயரைத் தட்டினால் அறைகளின் படமும் விலையும் வரிசை கட்டி நிற்கின்றன. ஏசி உண்டா, கார் நிறுத்த இடம் உண்டா, காலைச் சிற்றுண்டி சேர்த்தியா என்று பார்த்து இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம். இந்த வசதியை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் பல நூற்றாண்டுக் கதை உள்ள ஊரில் எந்தத் தெருவில் கண்விழிக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் நாம் பார்க்கப்போகும் ஊர் அமைகிறது. அந்த ஒன்றை மட்டும் எந்தச் செயலியும் நம்மிடம் கேட்பதில்லை.

காரைக்கால் சின்ன ஊர்தான். தஞ்சை மராட்டிய மன்னர்களிடமிருந்து 1739இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது. நடுவே ஆங்கிலேயர் சில முறை பிடித்துக்கொண்டார்கள். 1817இல் மீண்டும் பிரெஞ்சுக் கொடி ஏறியது. 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்து, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் இணைந்தது. சுற்றிலும் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். ஊர் சேர்ந்த ஒன்றியப் பிரதேசத்தின் தலைநகரான புதுச்சேரியோ வடக்கே சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி. அரசலாற்றங்கரையில் பாரதியார் சாலை, மாதா கோயில் வீதி, லெமேர் வீதி என்று நேர்கோடாகப் போகும் தெருக்களுக்குள் அம்மையார் கோயிலும் தேற்றரவு அன்னை ஆலயமும் பெரிய பள்ளிவாசலும் நடந்தே போய்வரும் தூரத்தில் இருக்கின்றன. காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் மூன்றையும் பார்த்துவிடலாம். அப்படிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவதுதான் இன்று பெரும்பாலானவர்கள் செய்வது.

அன்றைய வழிப்போக்கனுக்குப் பெரிய துணை சத்திரம். காவிரி டெல்டா முழுக்க, ராமேஸ்வரம் போகும் பாதையெங்கும் தஞ்சை மன்னர்கள் சத்திரங்களைக் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் 1802இல் எழுந்த முத்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. ஆட்சி ஆங்கிலேயரிடம் போனபோது, சத்திரங்களின் மானிய நிலத்தில் மட்டும் கைவைக்காதீர்கள் என்று தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேயப் பிரதிநிதியான ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரத்தில் என்னென்ன நடந்தது என்பதை அதில் விவரமாகச் சொல்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் சோறு, நள்ளிரவில் மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வந்து வாங்கிக்கொள்ளும்படி அழைப்பு, நோயோடு வந்தவருக்கு வைத்தியர், பிள்ளை பெறும் நிலையில் வந்தவளுக்குப் பேறுகாலப் பராமரிப்பு. நாட்டையே இழந்துவிட்ட ஓர் அரசர், கெஞ்சிக் கேட்டுக்கொண்டவற்றில் ஒன்று வழிப்போக்கர்களின் சோறு. தமிழ்நாட்டின் விருந்தோம்பல் வரலாற்றில் அந்தக் கடிதத்துக்கு உரிய இடத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

சத்திரம் இல்லாத இடத்தில் திண்ணை. பழைய காரைக்கால் வீடுகளில் தப்பிப் பிழைத்த திண்ணைகளைக் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். ஒரு ஆள் கால்நீட்டிப் படுக்கிற நீளம். சுவரோரத்தில் தலைவைக்க வசதியாகச் சற்றே உயர்த்திய சரிவு. காரையிலேயே இழைத்த தலையணை. கைக்கு எட்டும் உயரத்தில் விளக்கு வைக்க மாடக்குழி. கூரைச் சாய்ப்பு தெருப்பக்கமாக நீண்டு இறங்கி ஐப்பசி மழையின் சாரலைத் தடுக்கும். வீட்டுக்காரர் உட்கார்ந்து வெற்றிலை போட இத்தனையும் தேவையில்லை. முகம் தெரியாத ஒருவன் என்றாவது இரவில் வந்து படுப்பான் என்று நினைத்தே கொத்தனாரிடம் சொல்லிக் கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று எழுத என் கை வராது. திண்ணை எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. வந்தவனின் ஊரை விசாரித்த கையோடு சாதியையும் விசாரித்தார்கள். பல சத்திரங்களில் பந்தியும் தனித்தனி, கிணறும் தனித்தனி. சேரியிலிருந்து வந்தவர் அந்தத் தெருவுக்குள்ளேயே நுழைய முடியாது. அவருக்கு ஆற்றங்கரை மரத்தடிதான். தனியாக வரும் பெண்ணுக்கு இடமே கிடையாது. காசை வைத்தால் சாவியைத் தருகிற லாட்ஜ் கவுண்டர் வந்தபோது இந்த விசாரணைக்கு முடிவு வரத் தொடங்கியது. அன்பு குறைந்தது என்று வருத்தப்படுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்தே போட வேண்டும்.

காரைக்காலின் தலையாய கதையே ஒரு விருந்தாளியின் கதை. பின்னாளில் காரைக்கால் அம்மையார் ஆன புனிதவதியார், பசியோடு வீட்டுக்கு வந்த சிவனடியாருக்கு, கணவன் பரமதத்தன் அனுப்பிவைத்த இரண்டு மாங்கனிகளில் ஒன்றைச் சோற்றோடு படைத்தார். பின்னால் நடந்த அற்புதங்கள் எல்லாம் அந்த ஒரு வேளைச் சாப்பாட்டிலிருந்து தொடங்கியவை. ஆனி மாதப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா. சிவன் பிச்சாண்டவராக வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்தும் கூரைகளிலிருந்தும் மாம்பழம் வீசுவார்கள். தெருவில் நிற்கிறவர்கள் தாவித் தாவிப் பிடிப்பார்கள். அந்த நாளில் பாரதியார் சாலைப் பக்கம் அறை தேடுவது வீண். இன்றும் அந்த ஒரு விழாவுக்கு மட்டும் பழைய வழக்கம்தான்: உறவு, உறவின் உறவு, கூட வேலை பார்ப்பவரின் மாமியார் வீடு என்று எங்காவது ஒண்டிக்கொள்ள வேண்டும்.

தெற்கே திருமலைராயன்பட்டினத்தில் சாமியே விருந்தாளி. மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரத்திலிருந்து சௌரிராஜப் பெருமாள் கடற்கரைத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார். பட்டினச்சேரி மீனவ மக்கள் அவரை எதிர்கொண்டு அழைத்துப் போவது "மாப்பிள்ளை" என்று முறை சொல்லி. முறை வைத்துக் கூப்பிட்ட பிறகு, வந்தவர் எங்கே தங்குவார் என்ற கேள்விக்கே இடமில்லை.

இந்த ஊரில் வேறொரு விதமாகத் தங்கவைக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிய துறைமுகங்களில் காரைக்கால் ஒன்று. 1850களில் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கப்பல்கள் போகத் தொடங்கின. அதற்கு முன்பிருந்தே ரெயூனியன் தீவுக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். 1861இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகு ஆங்கில ஆட்சிப் பகுதியிலிருந்தும் முறைப்படி ஆள் எடுத்தார்கள். 1880களில் அந்த ஆள்சேர்ப்பு நின்றது. தஞ்சை, திருச்சி, தென்னார்க்காடு கிராமங்களிலிருந்து தரகர்கள் கூட்டிவந்தவர்களைக் கப்பல் வரும்வரை டிப்போ எனப்பட்ட கொட்டகைகளில் அடைத்துவைத்தார்கள். ஐந்து ஆண்டு ஒப்பந்தம் என்று வாசித்துக் காட்டி ரேகை வாங்கினார்கள். பலருக்குத் தாய்மண்ணில் கழித்த கடைசி இரவு இந்தக் காரைக்காலில்தான். எங்கே தங்குவது என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

போக்குவரத்து மாற மாறத் தங்கும் பழக்கமும் மாறியது. 1898இல் பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு ரயில் வந்தது. அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாக வரும் மீட்டர் கேஜ் வண்டி. அதற்கு முன் மாட்டு வண்டியில் வந்தவர் ஒரு வாரம் தங்கிப் போவார். ரயில் வந்தபின் இரண்டு நாளில் திரும்பினார். 1980களில் அந்தப் பாதையை மூடி, தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பேருந்து நிலையத்தைச் சுற்றி லாட்ஜுகள் முளைத்தன. நாகூரிலிருந்து காரைக்காலுக்கு அகலப் பாதை வந்தது 2011 கடைசியில். பேரளம் பாதையையும் இப்போது அகலப் பாதையாகத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். காரில் வருகிறவருக்கோ இரவு தங்க வேண்டிய அவசியமே குறைந்துவிட்டது.

ஊரின் தங்கும் கணக்கை அடியோடு மாற்றியது சனீஸ்வரன் தலமான திருநள்ளாறு. சம்பந்தர் காலத்திலிருந்தே பாடல் பெற்ற தலம்தான் என்றாலும், வண்டி வண்டியாகக் கூட்டம் வரத் தொடங்கியது நவக்கிரகச் சுற்றுலா பரவிய கடந்த சில பத்தாண்டுகளில்தான். நகரிலிருந்து மேற்கே சுமார் 5 கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை இரவே வந்து ரூம் போட்டு, விடியற்காலையில் நளதீர்த்தத்தில் முழுக்குப் போட்டு, எள் தீபம் ஏற்றி, பத்து மணிக்குள் அடுத்த ஊருக்கு வேனைக் கிளப்பிவிடுகிறார்கள். 2023 டிசம்பர் 20 போன்ற சனிப்பெயர்ச்சி நாட்களில் இந்த வட்டாரம் முழுவதும் ஓர் அறைகூடக் கிடைக்காது.

இந்த ஊர் லாட்ஜ் கவுண்டரில் ஒரு சனிக்கிழமை கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நீளமான பதிவேடு. பெயர், தகப்பனார் பெயர், எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார், வந்த காரணம் என்று கட்டங்கள். ஆதார் ஜெராக்ஸை வாங்கிக் கிளிப்பில் செருகிக்கொண்டே மற்றதையெல்லாம் விசாரிக்கிற பையன், கடைசிக் கட்டத்தை மட்டும் நிமிர்ந்து பாராமலே நிரப்புகிறான்: கோயில், கோயில், கோயில். வேறு காரணத்துக்காகவும் இந்த ஊருக்கு ஒருவர் வரலாம் என்று அவனுக்குத் தோன்றுவதில்லை. அவன்மீது பிழையில்லை, நாம்தான் அவனை அப்படிப் பழக்கியிருக்கிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை யாரும் பதிவேட்டில் எழுதுவதில்லை. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் மது விலை குறைவு என்பதால் சுற்றுவட்டாரத்திலிருந்து அதற்காகவே வந்து அறை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். குடும்பத்தோடு வருகிறவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன், கட்டடத்திலேயே பார் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேட்டுவிட வேண்டும். இருந்தால் சனி, ஞாயிறு இரவுகளில் தூக்கம் போகும்.

கடற்கரைப் பக்கம் தங்குவது இப்போது பலருடைய விருப்பம். ஒரு காலத்தில் இந்தக் கடலோரம் சுற்றுலாவுக்கானதல்ல; கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு மக்கள் வலை உலர்த்தவும் கருவாடு காயவைக்கவும் இருந்த மணல். 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை இந்தக் குப்பங்களில் நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. இன்று சாலை, நடைபாதை, விளக்கு எல்லாம் வந்துவிட்டன. அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் மாலை நேரம் நன்றாகவே இருக்கிறது. நடக்கப் போகலாம், உட்காரலாம். முதல் தடவை வருகிறவர் இரவைக் கழிக்க நான் அந்தப் பக்கத்தைச் சொல்ல மாட்டேன். அங்கே தங்கினால் கடல் கிடைக்கும், ஊர் கிடைக்காது.

வடக்கே கொஞ்ச தூரத்தில் தரங்கம்பாடி. 1620இல் டென்மார்க்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். அங்கே கடலைப் பார்த்து நிற்கும் பழைய பங்களாவைச் செப்பனிட்டு விடுதியாக நடத்துகிறார்கள். தெருவுக்குள்ளும் பழைய வீடுகளை மீட்டிருக்கிறார்கள். புதுச்சேரியில் பழைய வீட்டைச் செப்பனிட்டு விருந்தினர் இல்லமாக்குவது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. காரைக்காலில் அந்த முயற்சி வேர்பிடிக்கவில்லை. இங்கே பழைய வீட்டின் விதி பெரும்பாலும் ஒன்றுதான். பிள்ளைகள் பாரிஸிலோ வளைகுடாவிலோ இருப்பார்கள், வயதானவர் காலமாவார், பாகப்பிரிவினை இழுக்கும், தேக்குத் தூணும் கதவும் தனியே விலைபோகும், பிறகு அதே மனையில் கண்ணாடி முகப்போடு மூன்று மாடிக் கட்டடம். அதன் மேல்மாடியிலேயே சில நேரம் லாட்ஜ் வருகிறது. வழிப்போக்கனுக்குத் திண்ணை தந்த வீட்டை இடித்துவிட்டு வழிப்போக்கனுக்கு அறை கட்டுகிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

இந்த இழப்பு யாரைத் தாக்கும் என்று யோசித்தால், கப்பலேறிப் போனவர்களின் வாரிசுகள் நினைவுக்கு வருகிறார்கள். ரெயூனியனிலிருந்தும் குவாதலூப்பிலிருந்தும் நான்காம், ஐந்தாம் தலைமுறையினர் முன்னோரின் மண்ணைத் தேடித் தமிழகம் வருகிறார்கள். தமிழ் தெரியாது, கையில் ஒரு கப்பல் பெயர், ஒரு எண், பிரெஞ்சு எழுத்தில் உருக்குலைந்த ஒரு தமிழ்ப் பெயர். வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர்களைப் பற்றிய விவரத்தை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். அந்தத் தொல்லைக்குப் பயந்து சிறிய லாட்ஜுகள் "ரூம் இல்லை" என்று சொல்லிவிடுவதுண்டு. அதனால் அவர்கள் புதுச்சேரியில் தங்கி, காரில் வந்து, துறைமுகப் பக்கம் ஒரு படம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திரும்புகிறார்கள். முன்னோர் கடைசியாகத் தூங்கிய ஊரில் இவர்கள் ஓர் இரவு தூங்க வழியில்லை. சத்திரத்தில் நள்ளிரவு மணியடித்த டெல்டாவுக்கு இது அழகில்லை.

முதல் தடவை வருகிறவருக்கு என் யோசனை இது. திருநள்ளாற்றைச் சனிக்கிழமையில்தான் பார்க்க வேண்டும் என்ற நேர்த்திக்கடன் இல்லையென்றால் செவ்வாய், புதன் நாட்களில் வாருங்கள்; கூட்டமும் இருக்காது, வாடகையும் இறங்கியிருக்கும். தை, மாசி மாதங்கள் நல்லவை. ஐப்பசி, கார்த்திகை புயல் மழைக் காலம். சித்திரை, வைகாசிப் புழுக்கம் வெளியூர்க்காரருக்குத் தாங்காது. அறையைப் பழைய நகருக்குள் எடுங்கள். அம்மையார் கோயிலுக்கும் தேற்றரவு அன்னை ஆலயத்துக்கும் நடுவே எதுவானாலும் சரி. பளபளப்பு கொஞ்சம் குறைவாக இருக்கும், லிஃப்ட் இருக்காது. ஆனால் விடியற்காலையில் படியிறங்கினால் அம்மையார் குளத்தங்கரையில் நிற்கலாம். துறையிலிருந்து மீன்கூடையோடு வரும் பெண்களின் பின்னே சந்தைவரை நடக்கலாம். முதல் உலகப் போரில் பிரான்சுக்காகச் செத்த காரைக்கால்காரர்களின் நினைவுச் சின்னத்துக்கு முன் நிற்கலாம். நவம்பர் 11ஆம் தேதி அங்கே மாலை வைப்பவர்களில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள உள்ளூர்த் தமிழர்களைப் பார்க்கலாம். நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் தரங்கம்பாடிக்கும் இங்கிருந்தே பேருந்தில் போய்த் திரும்பலாம்.

வீட்டுக்காரர்களுக்கும் அரசுக்கும் ஒரு வேண்டுகோள். முற்றமும் தூணும் திண்ணையும் இன்னும் முழுசாக இருக்கிற பழைய வீடுகளை இடிப்பதற்கு முன், இரண்டு அறையைச் சுத்தம் செய்து ஒரு குளியலறை கட்டி விருந்தினருக்கு விட்டுப் பாருங்கள். சுற்றுலாத் துறை அதற்குக் கடனும் வரிச் சலுகையும் கொடுக்கட்டும். வெளிநாட்டு விருந்தினரின் விவரத்தைப் பதிவு செய்ய வீட்டுக்காரர்களுக்கு அரை நாள் சொல்லிக்கொடுக்கட்டும். அடுத்த மாங்கனித் திருவிழாவுக்குள் ஒரே ஒரு வீடு அப்படித் திறந்தால்கூடப் போதும், தொடங்கிவிடலாம்.